ஓடாத வண்டியின் ஹாரன்

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பல் கட்டும் லேபில் ஒரு பல்செட் திரும்பி வந்துவிட்டது. மேல்வரிசை ஆடுகிறதாம். ஆடாமல் என்ன செய்யும்? அளவெடுக்கும்போது அந்த மனிதர் வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பேசட்டும்.

சாயங்காலம் பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்தாள். அப்பா முன்னால் படங்களைப் பரப்பினாள். கோப்பை, கதவு, நாய். இது நாயா என்று நாயைக் காட்டிக் கேட்டாள். "ஆமா" என்றார் அப்பா. கோப்பையைக் காட்டி இது நாயா என்றாள். அதற்கும் "ஆமா"தான். போன அக்டோபரில் பக்கவாதம் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. பேச்சில் மிஞ்சியது இந்த ஒரு வார்த்தை. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது, வாயிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதுதான் அவர் வசத்தில் இல்லை என்று அந்தப் பெண் ஏற்கெனவே விளக்கியிருக்கிறாள். விளக்கினால் ஆயிற்றா?

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "படம் காட்டினா அவருக்கு அவமானமா இருக்குக்கா. கை பழகின வேலை எதுலயாவது உக்கார வைங்க."

அப்பாவுக்குக் கை பழகின வேலை ஒன்றுதான். அது ஷெட்டில் கிடக்கிறது. துண்டு துண்டாக.

மார்ச் 8, ஞாயிறு

நாற்காலியோடு அப்பாவைத் தள்ளிக்கொண்டு போய் ஷெட் கதவைத் திறந்தேன். பூசணியைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பூசணி எங்கள் கார். மஞ்சளாக, உருண்டையாக, கண் இரண்டும் பிதுங்கி இருக்கும். பெயர் வைத்தது அம்மா. நானும் அண்ணனும் பிறந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். அப்பா நடத்தியது ஓட்டுநர் பள்ளி. இந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பள்ளி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக இருக்கும் இரண்டாவது பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். அதனால் அவருக்கு ஊரில் பெயர் பிரேக் மாஸ்டர். "வண்டி ஓடுறது ஒண்ணும் பெரிசில்ல, நிக்கணும்" என்பார். முதல் நாள் வகுப்பிலேயே இதைக் கேட்டு மிரண்டு ஓடியவர்கள் உண்டு.

பள்ளியை மூடியதும் பூசணியைப் புதிதாக்குகிறேன் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். இன்ஜினை மட்டும் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் பிஸ்கட் டப்பாக்களில். எந்த டப்பாவிலும் எதுவும் எழுதியில்லை. அப்போதே கேட்டேன். "எல்லாம் தலைக்குள்ள இருக்கு, நீ உன் பல்லைப் பாரு" என்று விரட்டினார்.

தலைக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கும்.

மார்ச் 9, திங்கள்

ஒரு டப்பா நிறைய ஸ்பிரிங். அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மூடி வைத்துவிட்டோம்.

மார்ச் 21, சனி

அண்ணன் பேசினான். நான்கு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான், வாரம் ஒருமுறை பேசுவான். இன்று நேராக விஷயத்துக்கு வந்தான். அவர்கள் வீட்டில் தரைத்தளத்தில் ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறார்களாம். கைப்பிடியெல்லாம் பொருத்தியாகிவிட்டதாம். அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், பகலில் ஆள் இருக்கும், நீ லேபுக்குப் போனால் அப்பா தனியாகத்தானே கிடக்கிறார் என்றான். தப்பாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனை அப்பா பக்கம் வைக்கச் சொன்னான்.

"எங்க வீட்டுக்கு வந்துடுறீங்களாப்பா?"

"ஆமா."

"சந்தோஷமா வர்றீங்களா?"

"ஆமா."

ஜூன் கடைசியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வைத்துவிட்டான்.

கோப்பையை நாயா என்று கேட்டாலும் ஆமா என்கிற மனிதரிடம் கேட்டு முடிவு பண்ணுகிறானாம் முடிவு! அவர் இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போனாலே சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுகிறவர். எனக்குத் தெரியாதா?

ஜூனுக்குள் வண்டி ஓட வேண்டும். அப்பா உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்து முடித்தேன் என்று காட்ட வேண்டும். இங்கே இருந்தால்தான் தேறுவார் என்பது அப்போது அண்ணனுக்கு விளங்கும்.

சொல்லச் சொல்ல! எதைச் சொல்ல?

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று பெரிய பிசகு.

சக்கரங்களைக் கழற்றினால்தான் பிரேக் வேலை. வலது பக்கம் இரண்டும் சமர்த்தாகக் கழன்று வந்தன. இடது பக்கம் நட்டு அசையவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகினேன். "இந்தப் பக்கம்தானேப்பா திருப்பணும்?" என்றேன். "ஆமா" என்றார். குழாயின் மேல் ஏறி நின்றேன். அப்பா இடது கையால் நாற்காலியைப் படபடவென்று தட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். ஆமா, ஆமா, ஆமா என்று கத்தினார். போல்ட் முறிந்தது. நான் குழாயோடு கீழே விழுந்தேன்.

எழுந்து பார்த்தால் அப்பா இடது கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்குகிறது.

இவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட.

ஏப்ரல் 6, திங்கள்

முறிந்த போல்டை லேத் பட்டறையில் காட்டினேன். லேத்காரர் சிரித்தார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்குமாம். கழற்ற வேண்டுமென்றால் மற்ற இடத்தில் இறுக்குகிற பக்கம் திருப்ப வேண்டுமாம். "பிரேக் மாஸ்டர் பக்கத்துல இருந்துமா இப்படி ஆச்சு?" என்றார்.

இருந்தார். சொல்லவும் சொன்னார். நாற்காலியைத் தட்டித் தட்டிச் சொன்னார். நான் வாயை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் வேறு என்ன செய்வாள்?

வாய் ஆமா என்றது. கை வேண்டாம் என்றது. கை சொன்னதுதான் சரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

புது போல்ட் பொருத்தினேன். இனி ஒரு ஏற்பாடு. டப்பாவிலிருந்து சாமானை எடுத்து அப்பாவின் இடது உள்ளங்கையில் வைப்பேன். அவர் புரட்டிப் பார்த்து, வண்டியில் அது இருக்க வேண்டிய இடத்தை நோக்கி நீட்டுவார். நான் நாற்காலியை அங்கே தள்ளுவேன். மூன்று டப்பா முடிந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒரு ஆமாவும் இல்லை.

மதியம் அவரே சக்கரத்தின் பிரேக் டிரம்மில் உப்புத்தாள் தேய்த்தார். தேய்த்த இடத்தை ஊதிவிட்டு, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். உன் வேலையைவிட என் வேலை சுத்தம் என்று அர்த்தம். ஒற்றைக் கையோடு இருந்தும் கொழுப்பு அடங்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 18, சனி

வயரிங் பார்க்க வந்த பையன் பேட்டரியை இணைத்துவிட்டுப் போனான். அப்பாவுக்கு ஓட்டுநர் இருக்கையில் உட்கார ஆசை. எப்படித் தெரியும் என்றால், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தூக்கி உட்கார வைப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு நடுவில் அழுத்தினார்.

ஹாரன் அலறியது. கிழட்டு வாத்து மாதிரி. எதிர்வீட்டு ஆசிரியை பதறிப்போய் ஜன்னலைத் திறந்தார். ஓடாத வண்டி ஊரைக் கூட்டுகிறது. அப்பா மறுபடியும் அழுத்தினார், சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. நாளைக்குச் செய்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆமாவுக்கு ஒரு ஹாரன், இல்லைக்கு இரண்டு. சொன்னதும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் மேசையைத் தட்டச் சொன்னபோதெல்லாம் குழம்பியவர். ஸ்டியரிங்கில் கை இருந்தால் தப்பவில்லை. நாற்பது வருடம் அங்கேயே இருந்த கை.

நான் உங்க பொண்ணா என்றேன். ஒன்று. எனக்கு வயசு பத்தா? இரண்டு. கோப்பைதான் நாயா? இரண்டு, எரிச்சலாக. அதன் பிறகு, என்ன புத்தியோ, அம்மா வீட்டில் இருக்காங்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எதிரே சுவரைப் பார்த்தார். ஒன்று. நிறுத்தினார். இன்னொன்று.

சூப்பில் உப்புக் குறைவு என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்ல முடியாமல் குடித்திருக்கிறார். இன்று தெரிந்தது. ஜன்னல் பக்கத் தலையணை பிடிக்கவில்லை. பயிற்சிக்கு வரும் பெண்ணைப் பிடிக்கிறது, படங்களைப் பிடிக்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிர்வீட்டு ஆசிரியை வந்து, ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கவிடக்கூடாதா என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். ஷெட் வாசலில் நின்று அப்பாவின் இரண்டு மூன்று பதில்களைக் கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் எனக்கே தெரியுமே. அண்ணன் வரும்போது அவன் முன்னாலேயே கேட்டால் போகிறது.

மே 2, சனி

கதவுகள் பொருந்திவிட்டன. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் மேலே இடித்துக்கொண்டிருந்தது. பல்செட்டில் உயரமாக நிற்கும் பல்லைக் கண்டுபிடிக்கக் கடிக்கவைக்கும் நீலத்தாளை லேபிலிருந்து கொண்டு வந்தேன். இடுக்கில் வைத்து மூடினேன். இடிக்கிற இடம் நீலமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் ராவினேன். கதவு கிளிக் என்று மூடியது. அப்பா அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். 'உன் பல்லைப் பாரு' என்று விரட்டியவரல்லவா? நன்றாகப் பார்க்கட்டும்.

கை முழுக்க கிரீஸாக இருந்தபோது லேப் முதலாளி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். கடற்கரை நகரத்தில் புது லேப் திறக்கிறாராம். முழுப் பொறுப்பும் என்னிடம் தருகிறாராம். அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது சார் என்றேன். "இது நீங்க எத்தனை வருஷமாக் கேட்டதும்மா, ஒரு தடவை யோசிங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன்.

அப்பா விளக்கு வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பேசும்போது நிறுத்தியிருந்தார் போல. பிறகு தேய்க்கும் சத்தம் கேட்டது.

மே 23, சனி

இன்ஜினை இறக்கிப் பொருத்த லேத்காரர் தன் சங்கிலிக் கப்பியோடு வந்தார். காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது. அப்பா ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஹாரனாலேயே எங்கள் இருவரையும் வேலை வாங்கினார். தப்பாகப் போனால் இரண்டு. விடாமல் இரண்டு இரண்டாக அடித்தால் மகா தப்பு. அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன என்று லேத்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

ஜூன் 7, ஞாயிறு

ஓடுகிறது!

முதலில் இருமியது. புகை கக்கியது. நின்றது. மறுபடி. மறுபடி. பிறகு பிடித்துக்கொண்டது. ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, இன்ஜின் மூடியின் மேல் என் கையை வைத்து அழுத்தினார். அந்தத் துடிப்பை நான் உணர வேண்டுமாம். அம்மா இருந்திருந்தால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடியிருப்பாள்.

பிரேக்கில் காற்று எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. அடுத்த ஞாயிறு அது. அதற்கடுத்த வாரம் அண்ணன் வருகிறான். வரட்டும். தெருமுனையில் போய் பூசணியோடு நின்று வரவேற்கிறேன். அப்போது பேசட்டும் பார்க்கலாம்.

ஜூன் 14, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

பிரேக் குழாயில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறக்க வேண்டும். எண்ணெயோடு குமிழ் குமிழாகக் காற்று வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னால் எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழ் நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். அப்பாவுக்கு இடது கால் நன்றாக இருக்கிறது. இதற்கு அது போதும்.

நான் கீழே இருந்து "அழுத்திட்டீங்களா?" என்பேன். ஒரு ஹாரன். திறப்பேன், மூடுவேன், "விடுங்க" என்பேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவருக்குத் தெரியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு தப்பு நடக்கவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் கை இருப்பது போல வேலை போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் கேட்டேன். அண்ணன் வருவதற்கு முன்னால் ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று. பதில் தெரிந்த கேள்விதானே.

"அப்பா, அண்ணன் வீட்டுக்குப் போகணுமா உங்களுக்கு?"

ஒரு ஹாரன்.

அழுத்திவிட்டேன் என்கிறார் போல என்று நினைத்தேன். பெடலில் கால் இல்லை. குழாய் தளர்ந்துதான் இருந்தது. திருகை மூடிவைத்துவிட்டு மறுபடி கேட்டேன், நிதானமாக. அண்ணன் வீட்டுக்கு. அங்கேயே இருக்க.

ஒன்று.

நான் உங்க பொண்ணா? ஒன்று. எனக்கு வயசு பத்தா? இரண்டு. கோப்பை நாயா? இரண்டு. இந்த வீட்டுலயே இருக்கீங்களா?

இரண்டு.

வண்டிக்கு அடியில் படுத்தபடி கூரையைப் பார்ப்பது போல அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் துடைத்துத் துடைத்துப் பொருத்திய ஒவ்வொரு போல்டும் தெரிந்தது.

"என் மேல கோவமாப்பா?"

இரண்டு. சட்டென்று வந்தது.

"எனக்காகவா போறீங்க?"

ஹாரன் வரவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. காத்திருந்தேன். தகரத்தில் மழை சத்தம் மட்டும். பிறகு மேலே பெடல் கிறீச்சென்றது. குழாய் விறைத்தது. அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் திறப்பதற்காக. திறந்தேன். குமிழ் வந்தது. மூடினேன். "விடுங்க" என்றேன். விட்டார்.

நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது.

ஜூன் 15, திங்கள்

லேபுக்குப் போகவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

யாரு கேட்டா இவரை? எனக்காகப் போங்கன்னு நான் கேட்டேனா? அந்த போனை ஏன் ஸ்பீக்கர்ல போட்டேன். எங்கயாவது தூக்கி எறிஞ்சிருக்கலாம். எனக்கு அந்த வேலை வேணாம். கடலும் வேணாம் கரையும் வேணாம். நான் பாட்டுக்கு இருந்தேனே...

ஒருவேளை எனக்காக இல்லையோ? மகன் வீட்டில் இருக்க ஆசையாக இருக்கலாம். பகலெல்லாம் நான் வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அலுத்திருக்கலாம். அம்மா இல்லாத இந்த வீடே வேண்டாம் என்றிருக்கலாம். ஏன் என்பதற்கு ஹாரனில் பதில் கிடையாது. ஒன்று, இரண்டு, அவ்வளவுதான்.

அவர் வாயை நம்பாமல் கையை நம்பக் கற்றுக்கொண்டது நான்தான். இப்போது கை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வாய் பக்கம் போக முடியுமா? வாயும் அதைத்தான் சொன்னது என்பது வேறு. முதல் நாளே சொன்னது. அண்ணன் கேட்டான், இவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

அழுகை நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 20, சனி

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பா வருகிறார், அவரே சொல்லிவிட்டார் என்றேன். நீ என்னைத் தப்பா நினைக்காதே என்று இரண்டு மூன்று தடவை சொன்னான்.

ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஹாரன் விஷயத்தைக் காட்டினேன். அண்ணன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். சின்ன வயதில் அவன் பூசணியின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பழியை என் மேல் போட்ட கதையைச் சொல்லி, "உடைச்சது அவளா?" என்று கேட்டான். இரண்டு. "தெரியுமா உங்களுக்கு?" ஒன்று. அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் வண்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அக்டோபரிலிருந்து அவன் அப்பாவிடம் கேட்டதற்கெல்லாம் ஆமா வாங்கிக்கொண்டிருந்தான். இன்றுதான் முதல் இல்லை கிடைத்திருக்கிறது.

அண்ணி கெட்டிக்காரி. எந்த உணவு, எந்தத் தலையணை, எத்தனை மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் நின்று கேட்டாள். உப்பு விஷயத்தை நானே சொல்லிவைத்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

பூசணியில்தான் போனோம். மறுபடி வந்திருந்த அண்ணன் தன் வண்டியில் அப்பாவின் சாமான்களோடு முன்னால். நான் ஓட்டினேன். அப்பா பக்கத்து இருக்கையில், அவருடைய பழைய இடத்தில்.

மெதுவாகத்தான் போனேன். லாரிகளெல்லாம் திட்டிக்கொண்டே தாண்டின. ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் இடது கால் தன் முன்னால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பூசணியில் அந்த இரண்டாவது பெடல் கிடையாது, அது பள்ளி வண்டியில்தான். அவருக்கும் தெரியும். இருந்தும் மிதித்தார். "நான் மிதிச்சிட்டேன்பா" என்றேன் ஒவ்வொரு தடவையும். பாதி வழிக்குப் பிறகு அவர் மிதிப்பதை விட்டுவிட்டார். தூங்கிவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வண்டி ஓட்ட, என் பக்கத்து இருக்கையில் பிரேக் மாஸ்டர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு!

அறை நன்றாக இருக்கிறது. வெளிச்சமாக. அவரைப் படுக்க வைத்துவிட்டு, "வர்றேன்பா" என்றேன். கட்டிலோரம் நான் வைத்திருந்த பூசணியின் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஆமா" என்றார். 

நான் அந்த ஆமாவை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 29, திங்கள்

சூப் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 6, திங்கள்

முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். கேள்வி கேட்காமல் கையைக் குலுக்கினார்.

செப்டம்பர் 10, வியாழன்

இந்த ஊரில் எல்லாம் உப்பும் காற்றும். புது லேபில் நான்கு பெண்கள் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். முதல் நாளே வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நானே முழித்தேன். பல் கட்டும் இடத்தில் இப்படிச் சொன்னால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். பூசணி வாசலில் நிற்கிறது. போகிற வருகிற பிள்ளைகள் தட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

அண்ணி அப்பாவின் கட்டிலில் சைக்கிள் மணி ஒன்றைப் பொருத்தியிருக்கிறாள். முதல் வாரம் தப்புத் தப்பாக அடித்தாராம். இப்போது தப்புவதில்லை. அண்ணனைத்தான் அடித்து அடித்துக் கூப்பிடுகிறாராம், தண்ணீருக்கும் பேப்பருக்கும் சும்மாவும். அண்ணன் அதைக் குறையாகச் சொல்வது போலப் பெருமையாகச் சொன்னான்.

இன்று சாயங்காலம் பேசினோம். அண்ணி போனை மணிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டாயிற்றா என்றேன். ஒன்று. கால் வலிக்கிறதா? இரண்டு. அங்கே பிடித்திருக்கிறதா என்றேன். கொஞ்சம் யோசித்தார். ஒன்று.



"நானும் இங்க நல்லாத்தான் இருக்கேன்பா" என்றேன்.

அது கேள்வியே இல்லை. இருந்தும் மணி அடித்தது. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, லேபின் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. அவ்வளவு நல்லா இல்லப்பா."

ஒன்று.

"வேலை பிடிச்சிருக்கு. அதுல பொய் இல்ல. வீட்டுக்கு வந்தாத்தான்..."

ஒன்று. மெதுவாக.

சனிக்கிழமை பூசணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். பிரேக் பெடல் லேசாக இறங்குகிறது, இடது பின் சக்கரத்துக் குழாயில் கொஞ்சம் காற்று ஏறியிருக்கிறது. நான் கீழே படுத்துக்கொள்வேன். பெடலை அழுத்த ஒரு ஆள் வேண்டும்.